பன்னாடை, சுள்ளி, விறகு

பவர் பட்டனை அழுத்திவிட்டுக் காபி எடுக்கப் போவது என் வழக்கம். திரும்பி வரும்போது லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். அன்றைக்கு வந்து பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. மேலே நாலு வரி வெள்ளை எழுத்து. பிஸிபாக்ஸ் என்று எதனுடையதோ பெயர், அதன் பதிப்பு எண், உதவி வேண்டுமானால் ‘ஹெல்ப்’ என்று அடிக்கச் சொல்லி ஒரு குறிப்பு. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரே ஒரு சொல். பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

முந்தின இரவு லினக்ஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. அடாப்டரின் தயவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி மாற்றச் சொல்லி வீட்டில் சொன்னவர்களிடம் ‘மாற்றலாம், மாற்றலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆகவே குற்றவாளியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், போட்டேன். அதே நாலு வரி. மறுபடியும் அணைத்தேன், போட்டேன். அதே நாலு வரி. மூன்றாவது தடவைதான் உட்கார்ந்து யோசித்தேன். ‘என்னால் துவங்க முடியவில்லை’ என்று சொல்கிற இந்த இயந்திரம், நான் தட்டும் எழுத்தையெல்லாம் திரையில் காட்டுகிறது. கட்டளை கொடுத்தால் பதில் சொல்கிறது. லினக்ஸ் முழுவதும் இருப்பது டிஸ்க்கில். அந்த டிஸ்க்கையே இன்னும் திறக்கவில்லை. அப்படியானால் என்னோடு பேசிக்கொண்டிருப்பது யார், அது எங்கே குடியிருக்கிறது?

விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தீக்குச்சியை உரசிக் கொண்டுபோய் நேரே புளியங்கட்டையில் வைத்தால் குச்சிதான் தீரும். முதலில் பன்னாடை, அதன் மேல் சுள்ளி, சுள்ளி பிடித்த பிறகு சிறு விறகு, கடைசியில்தான் கட்டை. ஒவ்வொன்றும் அடுத்ததைப் பற்றவைக்கும் வரை எரிந்தால் போதும். கம்ப்யூட்டர் ‘பூட்’ ஆவதும் இதே வேலைதான். நிரல் ஓட வேண்டுமானால் அது ரேமில் இருக்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து அதை ரேமுக்குத் தூக்கிவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் டிஸ்க்கில்தான் கிடக்கிறது என்றால் அதைத் தூக்குவது யார்? ஆங்கிலத்தில் இதற்கு, காலில் போட்ட பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று ஒரு வேடிக்கையான படிமம் உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘பூட்’ அந்த வாரிலிருந்து வந்த சொல்தான்.

தீக்குச்சியிலிருந்து தொடங்குவோம். மின்சாரம் வந்ததும் இன்டெல் வகைச் செயலி தன் முதல் கட்டளையை ஒரே ஒரு இடத்தில் தேடுகிறது. 4 ஜிபி முகவரி எல்லை முடிவதற்குச் சரியாக 16 பைட் முன்னால். யார் செய்த லேப்டாப்பாக இருந்தாலும் அதே இடம். தாய்ப்பலகையில் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்பு அந்த முகவரியில் தெரியும்படி கம்பி இழுத்து வைத்திருக்கிறார்கள். 16 பைட்டில் பெரிதாக எதையும் எழுத முடியாது. ‘அந்தப் பக்கம் தாவு’ என்று ஒரு கட்டளை எழுதலாம், அவ்வளவுதான். அந்த நொடியில் செயலி இருக்கும் நிலை இன்னும் வேடிக்கை. 1978-இல் வந்த 8086 சிப்பு எப்படி நடந்துகொண்டதோ ஏறக்குறைய அப்படியே, 16 பிட் பழைய பாணியில்தான் இன்றைய செயலியும் கண் விழிக்கிறது. இந்தப் பழங்காலத்தைத் தலைமுழுகிவிடலாம் என்று இன்டெல் 2023-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அடுத்த ஆண்டு கடைசியில் அதைக் கைவிட்டது.

அந்த நேரத்தில் ரேம்கூடக் கிடையாது. பொருத்தித்தான் இருக்கும், பயன்படாது. மின்னழுத்தம் எவ்வளவு, எந்தக் கம்பியில் சமிக்ஞை எவ்வளவு தாமதமாக வருகிறது என்றெல்லாம் அளந்து சரிசெய்யும் வரை ஒரு பைட்டைக்கூட அதில் நம்பி வைக்க முடியாது. அளக்கிற நிரலுக்கோ கணக்குப் போட நினைவிடம் வேண்டும். என்ன செய்கிறார்கள் என்றால், செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற துண்டு நினைவகத்தைக் கொஞ்ச நேரத்துக்கு ரேமாக நடிக்க வைக்கிறார்கள். ரேம் தயாரானதும் நடிப்பு முடிகிறது. இந்தக் கட்டத்தில் பழுது என்றால் திரையில் எழுத்தே வராது. பீப் சத்தமோ, விளக்குக் கண்ணடிப்பதோதான் அதன் மொழி. சர்வீஸ் கடைக்காரர் ரேமைக் கழற்றி, பள்ளிப்பிள்ளை ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்துவிட்டு மாட்டுவது இந்தக் கட்டத்துக்கான வைத்தியம்.

இனி டிஸ்க். பழைய பயாஸ் முறையில் தாய்ப்பலகைச் சிப்புக்கு டிஸ்க்கைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதல் செக்டரைப் படி. 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிச்சம் 446 பைட்டுக்குள் அடுத்த அடியை எழுத வேண்டும். இது 1983-இல் ஐபிஎம் கணினிக்கு வந்த டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு. 446 பைட் எவ்வளவு? கணினியில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு வழக்கமாக 3 பைட் போகும்; கொக்கியும் கொம்பும் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 148 குறிகள். இந்தப் பத்தியின் முதல் இரண்டு மூன்று வாக்கியம் தாண்டாது. அவ்வளவு இடத்தில், டிஸ்க்கில் எங்கோ இருக்கும் லினக்ஸைக் கண்டுபிடித்து எழுப்பு என்றால் எப்படி?

அதற்கென்று எழுதப்பட்ட நிரல்களில் எனக்கு லிலோ மேல் ஒரு தனிப் பிரியம். வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. 90-களில் லினக்ஸ் போட்டவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். பிழைச் செய்தி எழுத அதில் இடமில்லை. ஆகவே அது தன் பெயரையே பிழைச் செய்தியாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு நாலு எழுத்து. ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஓர் எழுத்தைத் திரையில் போடும். ‘எல்’ மட்டும் வந்து நின்றால், முதல் துண்டு ஓடியது, இரண்டாம் துண்டை ஏற்ற முடியவில்லை. ‘எல், ஐ’ என்று நின்றால், இரண்டாம் துண்டு வந்துவிட்டது, ஓடவில்லை. மூன்றாவது எழுத்தோடு நின்றால், இரண்டாம் துண்டு ஓடுகிறது, ஆனால் லினக்ஸின் மையமான கெர்னல் எங்கே கிடக்கிறது என்ற குறிப்பேட்டைப் படிக்க முடியவில்லை. நாலும் வந்தால் தப்பித்தோம். நான் பார்த்த பிழைச் செய்திகளில் இதைவிடச் சிக்கனமானது வேறில்லை. ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசியில் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று முடிக்கும் இன்றைய ஆப்களைப் பார்க்கும்போது லிலோவின் நினைவு வரும்.

இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸ்களில் லிலோவின் இடத்தில் இருப்பது கிரப். எரிக் போலின் என்பவர் 1995-இல் வேறொரு இயங்குதளத்துக்காகத் தொடங்கியது. பயாஸ் கணினியில் அது மூன்று துண்டாகக் கிடக்கும். ஒன்று அந்த 446 பைட்டில். இரண்டாவது, முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கில். மூன்றாவது, லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் ஒரு ஃபோல்டரில். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தொடர்பு அறுந்தால்தான் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற புகழ்பெற்ற திரை வரும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் இதை நேரில் கொண்டுவந்து காட்டினான். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது நினைவிருக்கும். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். பையனுக்கு சினிமா வைக்க இடம் போதவில்லை.

“அங்கிள், விண்டோஸே போயிடுச்சு. நான் அதைத் தொடவே இல்ல, சத்தியமா. லினக்ஸ் இருந்த டிரைவை மட்டும்தான் அழிச்சேன்.”

அவன் சொன்னது உண்மை. விண்டோஸ் அப்படியே இருந்தது. ஆனால் அதை எழுப்ப வேண்டிய கிரப்பின் மூன்றாவது துண்டு, அழித்த பார்ட்டிஷனோடு போய்விட்டது. முதல் இரண்டு துண்டும் பத்திரமாக இருந்ததால்தான் ‘அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை’ என்ற வரியாவது வந்தது. அந்த நிலையில் கிரப்புக்குத் தெரிவது நாலே கட்டளைகள். என்ன டிஸ்க்குகள் இருக்கின்றன என்று காட்டும், ஒரு குறிப்பை வைக்கும், எடுக்கும், ஒரு துணை நிரலை ஏற்றும். மூன்றாம் துண்டு வேறெங்காவது இருந்தால் இந்த நாலை வைத்தே அதைத் தேடிப்பிடித்து, ‘நார்மல்’ என்ற துணை நிரலை ஏற்றி, ‘நார்மல்’ என்றே அடித்தால் எல்லாம் நார்மலாகிவிடும். அந்தப் பெயரை வைத்தவர் சிரித்துக்கொண்டேதான் வைத்திருக்க வேண்டும். பையனுக்கு அந்த வழி இல்லை. முதல் செக்டரில் விண்டோஸின் சொந்தத் துவக்கத் துண்டைத் திரும்ப எழுதினோம். ஐந்து நிமிஷ வேலை. சினிமாவுக்கும் இடம் கிடைத்தது.

புதிய லேப்டாப்களில் இந்த நெருக்கடி இல்லை. பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்தபிறகு தாய்ப்பலகைச் சிப்பே ஒரு சின்ன பார்ட்டிஷனுக்குள் போய் ஃபைலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுக்கும். 446 பைட் இறுக்கம் போனது, லிலோ காலத்துக் கைவித்தையும் போனது.

கிரப் கொண்டுவருவது கெர்னலை. அது டிஸ்க்கில் சுருக்கி மூட்டை கட்டித்தான் இருக்கும். ரேமுக்கு வந்ததும் தன் மூட்டையைத் தானே பிரித்துக்கொள்ளும். பிரித்ததும் பேச ஆரம்பித்துவிடும். வழக்கமாக நாம் ஒரு அழகான லோகோ சுற்றுவதைப் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல லேப்டாப்களில் எஸ்கேப் பட்டனைத் தட்டினால் திரை விலகும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் நேரம். முதல் வரியில் 0.000000. அதிலிருந்து மைக்ரோ விநாடி வரை கணக்கு. லேப்டாப் துவங்க ரொம்ப நேரம் எடுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்களைத்தான். 4 என்று இருந்தது அடுத்த வரியில் 94 என்று தாவியிருந்தால், நடுவே ஒன்றரை நிமிஷம் யாரோ யாருக்காகவோ காத்திருந்திருக்கிறார்கள். பெரும்பாலும், எப்போதோ மாட்டியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை இன்னும் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருப்போம். சிஸ்டம்டி என்ற மேலாளர் அதற்காக வழக்கப்படி 90 விநாடி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இப்போதுதான் என் கறுப்புத் திரைக்கு வருகிறோம். கெர்னல் ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்து டிஸ்க்கைத் திறக்க வேண்டும். என்ன வகை டிஸ்க்? அதற்கான டிரைவர் வேண்டும். டிரைவர் எங்கே இருக்கிறது? டிஸ்க்கில், ஃபைலாக. பூட்டிய வீட்டின் சாவி வீட்டுக்குள். உலகத்தில் உள்ள எல்லா டிரைவர்களையும் கெர்னலுக்குள்ளேயே திணிக்கலாம், கெர்னல் உப்பிப்போகும். டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டு மறையாக்கம் செய்து வைத்திருப்பவர்களுக்கு அதுவும் உதவாது, திறக்கும் முன் யாராவது பாஸ்வேர்டு கேட்டாக வேண்டுமே.

லினக்ஸ்காரர்கள் கண்ட வழி இது. கெர்னலோடு கூடவே இன்னொரு சின்ன மூட்டையையும் கிரப் ரேமில் கொண்டுவந்து போட்டுவிடும். அதற்குள் தேவையான டிரைவர்கள், சில கருவிகள், ‘இதை இதைச் செய்’ என்று ஒரு குறிப்பு. கெர்னல் அதை ரேமிலேயே பிரித்து, அதுதான் டிஸ்க் என்று பாவித்துக்கொண்டு அந்தக் குறிப்புப்படி வேலையைத் தொடங்குகிறது. டிரைவரை ஏற்று, நிஜ டிஸ்க் கண்ணில்படும் வரை காத்திரு, சோதித்துப் பார், திற. திறந்ததும் இந்தக் குட்டி லினக்ஸ் தன் ஃபைல்களைத் தானே அழித்து ரேமைக் காலிசெய்து கொடுத்துவிட்டு மறைந்துவிடுகிறது. சுள்ளி சாம்பலாகிவிடுகிறது. 2003 டிசம்பரில் வந்த 2.6 வரிசைக் கெர்னலிலிருந்து இருக்கும் இந்த ஏற்பாட்டின் பெயர்தான் இனிட்ராம்எஃப்எஸ். நல்ல நாளில் சில விநாடிக்கு மேல் அதற்கு ஆயுள் கிடையாது. வருஷக்கணக்கில் லினக்ஸ் பாவிப்பவர்கள்கூட அதன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். டிஸ்க் திறக்காத அன்றைக்கு மட்டும் அது சாகாமல் நின்று நம்மைப் பார்க்கும்.

அதோடு வந்த பிஸிபாக்ஸுக்கும் ஒரு கதை உண்டு. புரூஸ் பெரென்ஸ் 90-களின் நடுவில் டெபியன் லினக்ஸின் நிறுவல் ஏற்பாட்டை ஒரே ஃபிளாப்பிக்குள் அடக்கப் பார்த்தார். 1.44 எம்பி. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நிரல் வைத்தால் இடம் போதாது. எல்லாவற்றையும் ஒரே நிரலாக உருட்டினார். அதை எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். ஃபிளாப்பி போய்விட்டது, சிக்கனம் நிற்கிறது. அன்று காலையில் ரேமில் குடியிருந்துகொண்டு என்னோடு பேசியது அந்த ஃபிளாப்பிக் காலத்து வாரிசுதான்.

இதே கட்டத்தில் வேறு விதமாகவும் சிக்கிக்கொள்ளலாம். ‘இந்த யூயூஐடி இல்லை’ என்று ஒரு நீள எண்ணைக் காட்டி நிற்கும். முன்பெல்லாம் டிஸ்க்குகளைக் கண்ணில்பட்ட வரிசையில் முதலாவது, இரண்டாவது என்றுதான் அழைத்தார்கள். ஒரு பென்டிரைவைச் செருகினால் வரிசை மாறிப்போகும். அதனால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் பிறக்கும்போதே 128 பிட் அடையாள எண் ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். 39 இலக்கம் வரை போகக்கூடிய எண். தற்செயலாக இரண்டு பார்ட்டிஷனுக்கு ஒரே எண் வாய்க்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. டிஸ்க்கை மாற்றிவிட்டுப் பழைய எண்ணையே தேடச் சொன்னால் இந்தப் பிழை. அச்சு அசலாக நகலெடுத்து, பழையதையும் புதியதையும் ஒன்றாக மாட்டினால் அதற்கு நேர்மாறான கூத்து: ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் கை தூக்குவார்கள்.

அந்த இனிட்ராம்எஃப்எஸ் மூட்டையே வரவில்லை என்றால் கெர்னல் பீதியடைந்துவிடும். நான் மிகைப்படுத்தவில்லை, கெர்னல் பானிக் என்பதுதான் அதன் அதிகாரபூர்வப் பெயர். கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னும். திரையில், ரூட் ஃபைல் அமைப்பைத் திறக்க முடியவில்லை, பிளாக் (0,0) என்று ஒரு வரி. அந்த இரண்டு எண்தான் கவனிக்க வேண்டியது. முதல் எண் எந்த வகைச் சாதனம், இரண்டாவது அதில் எத்தனையாவது. (8,1) என்றிருந்தால் முதல் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன் தெரிகிறது, உள்ளே இருப்பதுதான் புரியவில்லை என்று பொருள். இரண்டும் பூஜ்யம் என்றால் டிஸ்க் என்று ஒன்றே கண்ணில்படவில்லை. பெரும்பாலும், கெர்னல்கள் வைக்கும் தனிப் பார்ட்டிஷன் பழைய கெர்னல்களால் நிரம்பி வழிந்து, புதிய கெர்னல் மட்டும் எழுதப்பட்டு அதன் மூட்டை எழுதப்படாமல் போயிருக்கும். கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும். எழுந்ததும் குப்பையைக் கூட்ட வேண்டும்.

அந்தச் செய்தியில் ‘நாட் சிங்க்கிங்’ என்றும் ஒரு துண்டு வரும். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதப்போவதில்லை என்று அர்த்தம். தன் புத்தி கலங்கிவிட்டது என்று கெர்னலுக்கே தெரிகிறது. இந்த நிலையில் பேனாவைத் தொட்டால் நல்ல கணக்கையும் கெடுத்துவிடுவோம் என்று கையைக் கட்டிக்கொள்கிறது. பானிக் என்ற யோசனை லினக்ஸுக்கும் மூத்தது. மல்டிக்ஸ் இயங்குதளத்தில் தான் எழுதுவதில் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கான நிரல்தான் என்று டாம் வான் விளெக் சொன்னாராம். யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியோ, அதையெல்லாம் விட்டுவிட்டோம், கோளாறு என்றால் பானிக் என்று ஒன்றைக் கூப்பிடுவோம், இயந்திரம் நின்றுவிடும், மறுபடி போடு என்று வராந்தாவில் கத்துவோம் என்றாராம். இப்போது கொஞ்சம் நாகரிகம் வந்திருக்கிறது. 2024-இல் வந்த 6.12 கெர்னலில், பானிக் ஆனால் செய்தியை ஒரு க்யூஆர் கோடாகத் திரையில் வரையும் வசதி உண்டு. டிஸ்க்கில் எழுத மாட்டேன், நீ போனில் படம் பிடித்துக்கொள் என்கிறது.

என் லேப்டாப்புக்கு அவ்வளவு ஆகவில்லை. ‘எக்ஸிட்’ என்று அடித்தேன். இது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி: உபுண்டு குடும்பத்தில், அந்தத் திரையில் காரணம் தெரியாமல் விழிக்கும்போது வெளியே போகச் சொன்னால், அது இன்னொரு முறை டிஸ்க்கைத் திறக்க முயன்று தோற்று, தோற்ற காரணத்தைப் பளிச்சென்று சொல்லிவிடும். சொன்னது. முதல் டிஸ்க்கின் இரண்டாவது பார்ட்டிஷனை ஆள் உட்கார்ந்து கையால் சோதிக்க வேண்டும் என்றது.

கையால் ஏன்? சோதிக்கும் நிரல் அதனிடமே இருக்கிறது. எஃப்எஸ்சிகே என்று பெயர். ஏற்கெனவே அது தானாக ஓடியும் பார்த்துவிட்டது. ஆனால் தானாக ஓடும்போது யாருக்கும் நஷ்டமில்லாத திருத்தங்களை மட்டுமே செய்ய அதற்கு அனுமதி. ஒரு ஃபைல் போனாலும் போகலாம் என்ற கட்டம் வந்தால் நிறுத்திவிட்டு, சொந்தக்காரர் வரட்டும் என்று காத்திருக்கும். நிறுத்துவதற்கு அந்த ரேம் குடிசையைவிட நல்ல இடமும் இல்லை. திறந்து பாவித்துக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனைத் திருத்தக் கூடாது. ஓடும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற கதையாகிவிடும். இங்கே நிஜ டிஸ்க் இன்னும் திறக்கப்படவே இல்லை. நான் இரண்டு தடவை பட்டனை அழுத்தி அணைத்தேனே, அந்த நேரமெல்லாம் அது சரியான இடத்தில், சரியான காரணத்துக்காகத்தான் நின்றுகொண்டிருந்தது.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழலாம். கரண்ட் போவது நம் ஊரில் புதிதா? ஒவ்வொரு தடவையுமா இப்படி ஆகிறது? இல்லை. அதற்குக் காரணம் ஜர்னல். பழைய மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை செய்ததுதான். அன்றாட வரவுசெலவை முதலில் சிட்டையில் வேகமாகக் குறித்துக்கொள்வார். அப்புறம் நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் பாதி எழுதும்போது யாராவது கூப்பிட்டுவிட்டால் கவலையில்லை, திரும்பி வந்து சிட்டையைப் பார்த்து மறுபடி எழுதலாம். சிட்டையிலேயே பாதி வரிதான் இருந்தால் அந்த வரியை விட்டுவிடலாம், பேரேடு கெடாது. லினக்ஸின் எக்ஸ்ட்3 ஃபைல் அமைப்பில் இது 2001-இல் கெர்னலுக்குள் வந்தது. அதற்கு முந்திய எக்ஸ்ட்2-வில் கரண்ட் போய் வந்தாலே பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க் பெரிதாக இருந்தால் ஒரு சாப்பாட்டையே முடித்துவிட்டு வரலாம்.

சிட்டை முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எழுதிவிட்டேன் என்று டிஸ்க் சொன்னால், உண்மையிலேயே எழுதியிருக்க வேண்டும். டிஸ்க்குக்குள்ளேயும் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. அதில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும் டிஸ்க்குகள் உண்டு. வயதான டிஸ்க்கில் செக்டர்களும் செத்துக்கொண்டிருக்கும். என்னுடையதற்கு வயது ஏழு. சிட்டையும் பேரேடும் ஒத்துப்போகவில்லை.

எஃப்எஸ்சிகே-ஐ ஓடவிட்டேன். ஐந்து சுற்று. முதல் சுற்றில் ஐநோடுகள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் ஃபைலுக்குப் பெயர் வைக்கிறோம், பெயர்தான் ஃபைல் என்று நினைக்கிறோம். டிஸ்க்கில் ஃபைல் என்பது ஒரு எண். எவ்வளவு நீளம், எந்தெந்த இடத்தில் கிடக்கிறது, யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குரிய ஐநோடு என்ற சின்ன அட்டையில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இருக்காது. பெயர், ஃபோல்டர் என்ற வேறொரு பட்டியலில், எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். அதனால் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். பெயரை அழித்த பிறகும், யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால், உள்ளடக்கம் உயிரோடு இருக்கும். அட்டையில், ‘எனக்கு இத்தனை பெயர்’ என்று எண்ணிக்கை மட்டும் குறித்திருக்கும்.

ஆகவே இரண்டாம் சுற்றில் ஃபோல்டர் பட்டியல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. மூன்றாவதில் ஒவ்வொரு ஃபோல்டரிலிருந்தும் ரூட்டுக்கு வழி இருக்கிறதா என்று. நான்காவதில் பெயர்களின் எண்ணிக்கை. இந்த எண்ணுக்கு ஒரு பெயர் இருப்பதாக அட்டை சொல்கிறது, தேடிப் பார்த்தால் எந்தப் பட்டியலிலும் இல்லை, என்ன செய்ய? ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒய்’ என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவதில் காலி இடக் கணக்கு. எழுதியிருப்பது இவ்வளவு, எண்ணிப் பார்த்தது இவ்வளவு, மாற்றட்டுமா? ஒய். கடைசியில் கொட்டை எழுத்தில், ஃபைல் அமைப்பு திருத்தப்பட்டது என்று வந்தது.

மறுபடி ‘எக்ஸிட்’. லோகோ சுற்றியது. பாஸ்வேர்டு கேட்டது. காபி ஆறிப்போயிருந்தது.

முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தேன். பாதி காலி. எங்கே போயின என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷனின் தலைவாசலிலும் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எப்போது பார்த்தாலும் காலியாக இருப்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தைகளை உட்காரவைத்து மைக்கில் அறிவிக்கும் போலீஸ் பந்தல் மாதிரி, பெயர் தொலைந்த ஃபைல்களை எஃப்எஸ்சிகே கொண்டுவந்து விடும் இடம் அது. பெயர் கிடையாதே, அதனால் ஒவ்வொன்றின் சட்டையிலும் ஒரு சதுரக் குறியும் ஐநோடு எண்ணும் மட்டும்.

பதினொரு ஃபைல்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது என்பதால், ஃபைலின் முதல் சில பைட்டைப் பார்த்து இது படம், இது பிடிஎஃப் என்று சொல்லும் ஒரு கட்டளையை ஓடவிட்டேன். ஒன்பது படங்கள், எல்லாம் வாட்ஸாப்பில் வந்த காலை வணக்கங்கள். ஒன்று பாதியில் அறுந்த பாட்டு. பதினொன்றாவது பிடிஎஃப். திறந்தால், போன மாதம் கட்டிய கரண்ட் பில்லின் ரசீது.